கோட்டத்து அறிவிலிகளும் ஏலாக்குறிச்சிக் குருவும்

2007 செப்டம்பரில் முதுகலை படிக்க இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகருக்குச் சென்றபோது நாங்கள் இருவரும் ஒரே மாவட்டத்தினர். மறு ஆண்டு ஊர் திரும்பியபோது ஒருவர் பெரம்பலூர் மாவட்டம், மற்றவர் அரியலூர் மாவட்டம். இடையில், நவம்பர் 23 அன்று, மாவட்டத்தைப் பிரித்துவிட்டிருந்தார்கள். (2001இல் பிரித்து, 2002இல் மீண்டும் சேர்த்து, பிறகு பிரித்தது இது. எத்தனை பேர் இருக்கிறோம் என்ற கணக்கில் தடுமாறுவது எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல.)

பள்ளியிலும் கல்லூரியிலும் கற்ற ஆங்கிலம் அங்கே வகுப்பறை வாசல் வரைதான் உடன் வந்தது. பேருந்தில் ஏறினால் ஓட்டுநர் "ஏய் அப், மி டக்" என்பார். கடைக்காரப் பெண்மணியும் மீதிச் சில்லறையைத் தரும்போது "டக்" என்றே விளிப்பார். வாத்து என்று அழைக்கிறார்களே என்று முதலில் திகைத்தோம். அந்த வட்டாரத்தில் அது "கண்ணு", "ராசா" போன்ற வாஞ்சையான விளி என்று பின்னர் விளங்கியது. நகருக்கு அருகிலுள்ள ஈஸ்ட்வுட்டில்தான் டி. எச். லாரன்ஸ் பிறந்தார். அவருடைய பாத்திரங்களின் பேச்சை நூலில் படிப்பதற்கும் அதே பேச்சு நம் முகத்துக்கு நேரே வருவதற்கும் உள்ள தொலைவு பெரிது.

எனினும் பேச்சு புரியாததைவிட எங்களை வருத்தியது சிரிப்பு. நால்வர் கூடியிருக்கும் இடத்தில் ஒருவர் ஏதோ சொல்வார், எல்லோரும் சிரிப்பார்கள், அரை நொடி தாமதித்து நாங்களும் சிரிப்போம். அந்த அரை நொடிதான் அயல்நாடு. குளிரையும் உப்பில்லாத உருளைக்கிழங்கையும் பழகிக்கொள்ளலாம். அதைப் பழகிக்கொள்ள முடியவில்லை.

விடுதிச் சமையலறையில் ஓரிரவு, பேச்சு எதையோ தொட்டு எதற்கோ போய், பரமார்த்த குருவின் கதையைச் சொல்ல நேர்ந்தது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடர்களுடன் குரு ஆற்றைக் கடக்கிறார். அக்கரையில் ஒருவன் எண்ணிப் பார்க்கிறான். தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஐவர்தான் தேறுகிறார்கள். ஒருவரை ஆறு கொண்டுபோய்விட்டதென்று அழுகை. இவ்விடத்தில், அந்த வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்த தோழி குறுக்கிட்டாள். "வழிப்போக்கன் ஒருவன் வந்து ஒவ்வொருவரையும் அடித்து எண்ணிக் காட்டியிருப்பானே?" ஆம், அப்படித்தான். "இது எங்கள் ஊர்க் கதை" என்றாள்.

முதலில் எங்களுக்குச் சற்றுச் சினம் வந்தது. பாட்டி சொன்ன கதைக்கு இன்னொருத்தி பட்டா காட்டினால் வேறென்ன வரும்?

நகருக்குத் தெற்கே சில மைல் தொலைவில் ஒரு சிற்றூர். வெளியார் காதம் என்று படிக்கும் அவ்வூரின் பெயரை உள்ளூரார் ஏறத்தாழ "கோட்டம்" என்றே ஒலிக்கிறார்கள். தமிழில் கோட்டம் என்றால் கோணல் என்றும் பொருள் உண்டென்றதும் தோழி மிக மகிழ்ந்தாள். அவ்வூர் அறிவிலிகளைப் பற்றிய கதைகள் பதினாறாம் நூற்றாண்டிலிருந்தே நூல் வடிவில் வழங்குகின்றன. வசந்தம் போகாமலிருக்கக் குயிலைச் சுற்றி வேலி கட்டினார்கள். பன்னிருவர் மீன்பிடிக்கப் போய்ப் பதினொருவராக எண்ணி அழுதார்கள். ஜான் மன்னரின் பாதை ஊர் வழியே வராதிருக்கப் பைத்தியம்போல் நடித்தார்கள் என்பது அவ்வூரார் தரும் விளக்கம். தங்கள் மூடத்தனத்தை இவ்வளவு பெருமையாகக் காக்கும் ஊரை நாங்கள் கண்டதில்லை. (1807இல் வாஷிங்டன் இர்விங் நியூயார்க்கை எள்ளி நகையாட எடுத்துக்கொண்டதும் இவ்வூரின் பெயரைத்தான். வௌவால் மனிதரின் நகரம் அவ்வழி வந்தது.)

பரமார்த்த குருவை எழுதியவரோ இத்தாலியில் 1680இல் பிறந்த கொன்ஸ்தான்சோ பெஸ்கி, நம் வீரமாமுனிவர். கொள்ளிடத்துக்கு வடக்கே, இன்றைய அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் இருந்து பணியாற்றியவர். அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டுக் கலம்பகமும் பாடினார். முப்பது வயதை ஒட்டி நம் நாட்டுக்கு வந்த அந்த மாணவர், 3615 பாடல்களில் தேம்பாவணி பாடியதைத்தான் எல்லோரும் வியக்கிறார்கள். எங்களுக்கு இப்போது பெரிதாகத் தெரிவது வேறு. செந்தமிழுக்கும் கொடுந்தமிழுக்கும் தனித்தனியே இலக்கணம் எழுதினார். வகுப்பறையின் மொழி வேறு, பேருந்தின் மொழி வேறு என்று அறிந்திருந்தார். அந்தக் கொடுந்தமிழ் இலக்கணம், அவர் கடுமையாக வாதிட்டு வந்த லுத்தரன் சபையாரின் தரங்கம்பாடி அச்சகத்திலேயே அச்சேறியது தனிச் சுவை. பேச்சுத்தமிழ் பயிலும் அயலாருக்குப் பாடமாகவே பரமார்த்த குருவையும் எழுதினார். நாங்கள் அரை நொடி தாமதித்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். அவர் நம் பாட்டிமாரையே சிரிக்கவைத்துவிட்டார். காவியம் பாடப் புலமை போதும். சிரிக்கவைக்க, எதிரே இருப்பவர் எப்போது சிரிப்பார் என்பதும் தெரியவேண்டும்.

1822இல் பெஞ்சமின் பாபிங்டன் இக்கதையைத் தமிழ் மூலத்துடனும் ஆங்கில மொழிபெயர்ப்புடனும் லண்டனில் வெளியிட்டார். குருவும் சீடர்களும் எங்களுக்கு 185 ஆண்டுகள் முன்னரே அந்நாட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். அப்பதிப்பைத் தேடிப் படித்த தோழி மறுவாரம் ஓர் ஐயத்துடன் வந்தாள். குதிரை முட்டை என்று ஏமாந்து வாங்குகிறார்களே, அது எந்தப் பூசணி? பெரம்பலூர், சாம்பல் பூசணி என்றது. வெண்மையாக இருந்தால்தானே முட்டை? அரியலூர் ஒப்பவில்லை. எழுதியவர் பரங்கியர் அல்லவா, பரங்கிக்காயாகத்தான் இருக்கவேண்டும் என்றது. இதை ஆங்கிலத்தில் விளக்க அரைமணி நேரமாயிற்று. அவள் சிரித்தாள், அரை நொடி தாமதித்து.