சூரிக்கத்தி

சித்தப்பா மறைந்து ஓராண்டு நிறைவதற்குள் குலதெய்வப் படையல் வந்துவிட்டது. பண்ருட்டிப் பக்கம், முந்திரிக்காட்டின் நடுவே இருக்கிறார் எங்கள் வீரனார். பக்கத்திலேயே ஐயனாரும் உண்டு, அவர் சைவர். வீரனாருக்குக் கிடா விழும்போது ஐயனார் முன் ஒரு வேட்டியைத் திரையாகப் பிடித்துக்கொள்வார்கள். கிடாவை வெட்டுவது பூசாரி வீட்டு ஆள். அதற்குரிய வெட்டரிவாள் கோயிலிலேயே இருக்கிறது. அதன் பிறகு உரித்துத் துப்புரவு செய்து கூறு போடும் பொறுப்பு பங்காளிகளுடையது. நாற்பது ஆண்டுகளாக அதைச் செய்தவர் சித்தப்பா. இவ்வாண்டு அது நம் தலையில் விழுந்தது. (‘நாம்’ என்று எழுதுவது செருக்கினால் அன்று, இருபதாண்டு வகுப்பறைப் பழக்கம்.)

“அண்ணே, பெரியவர் நீங்கதான். கத்தியப் புடிங்க” என்றான் சித்தப்பாவின் இளைய மகன். அவன் அறியாதது ஒன்றுண்டு. அந்தக் கத்தி இப்போது இல்லை. அதை இல்லாமற் செய்தவர் நாம்தாம்.

காரியம் முடிந்த மறுவாரம், சின்னம்மாவுக்கு உதவியாகப் பின்கட்டைச் சுத்தம் செய்தோம். உடைந்த இரும்பு வாளி, துருப்பிடித்த களைக்கொத்து, கைப்பிடி இற்றுப்போன ஒரு குட்டைக் கத்தி எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரரின் வண்டியில் அள்ளிப் போட்டோம். எடைக்கு எடை காசு வாங்கிச் சின்னம்மாவின் கையில் கொடுத்த நினைவும் இருக்கிறது. அந்தக் குட்டைக் கத்திதான் கிடா உரிக்கும் கத்தி என்பது, படையலுக்கு நாள் குறித்தபோது சின்னம்மா பரணைத் துழாவியபோதுதான் தெரிந்தது. “இங்கனதான் வெச்சிருப்பாரு தம்பி” என்று அவர் தேடிக்கொண்டிருந்தார். நாமும் உடன் நின்று தேடினோம். இதைவிட இழிவான பொய் ஒன்றை நாம் சொன்னதில்லை. வாய் திறந்து சொல்லக்கூட இல்லை என்பதுதான் அதன் இழிவு.

அந்தக் கத்தி கிடாவுக்காகச் செய்யப்பட்டதன்று. சித்தப்பாவும் நம் தந்தையாரும் இளவயதில் முந்திரிக்காட்டில் முயலுக்கும் கௌதாரிக்கும் போனவர்கள். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார்களாம். ஒளி பட்டதும் முயல் திகைத்து நின்றுவிடுமாம். அடித்த முயலை அங்கேயே வயிறு கீறிக் குடலை அகற்றிவிட வேண்டும். உடற்சூடு அடங்குமுன் அதைச் செய்யாவிட்டால் கறி கெடும். அதற்கென்று செய்த கத்தி அது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பிறகு வேட்டை குற்றமாயிற்று. சட்டம் வந்த செய்தி எங்கள் காட்டை எட்டச் சில ஆண்டுகள் ஆயின என்பதையும் மறைப்பதற்கில்லை. எப்படியோ விளக்கு கழன்றது. கத்தி மட்டும் ஆண்டுக்கொரு முறை கிடாவுக்காக வெளியே வந்தது. நடுவே, கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2003-இல் அரசு முனைந்து செயற்படுத்தியபோது, அந்த முறை வீரனாருக்குப் பூசணிக்காய்தான். 2004-இல் அச்சட்டமே நீக்கப்பட்டது. பூசணிக்காயை அந்தக் கத்தியால் நறுக்கச் சித்தப்பா மறுத்துவிட்டார் என்று வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிப்பதுண்டு.

ஆக, ஒரு கத்தி வாங்க வேண்டும். நமக்குக் கத்தியைப் பற்றி என்ன தெரியும்? வகுப்பில் நடத்தத் தெரியும். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியில் நாய் பிடித்துவந்த உடும்பின் பொரியல் விருந்தாகிறது. அதை எத்தனை முறை சுவை சொட்ட நடத்தியிருப்போம்! கண்ணப்பர் புராணத்தில் திண்ணனார் பன்றியைத் துரத்திச் சென்று மடக்கும் இடம் இன்னும் அருமை. மரங்களடர்ந்த சூழலில் அது ஒதுங்கி நின்றதும் அம்பு தொடுக்க எண்ணாமல், சுரிகையை உருவிப் பாய்ந்து இரு துண்டாக்குகிறார். பிறகு அந்த இறைச்சியைக் கோலில் கோத்துக் காய்ச்சி, வாயிலிட்டுப் பதம் பார்த்து, நல்லதைத் தேர்ந்து இறைவனுக்கு எடுத்துச் செல்கிறார். அந்நூல் அரங்கேறியதாகச் சொல்லப்படும் ஆயிரங்கால் மண்டபம் நாம் அடிக்கடி போய்வரும் சிதம்பரத்தில் இருக்கிறது. ‘சுரிகை’ என்பது வடமொழிச் சொல், நம் பேச்சுவழக்கின் ‘சூரி’யும் அதன் உறவே என்று பலகையில் எழுதிப் போட்டிருக்கிறோம். இன்று சூரிக்கத்தி என்றால் நாளிதழின் குற்றச் செய்திதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அதன் அலகு எத்தனை விரல், முனை எப்படி வளையும் என்று ஒரு மாணவர் கேட்டிருந்தால் விழித்திருப்போம். நல்லவேளை, எவரும் கேட்டதில்லை.

முதலில் மஞ்சக்குப்பத்தில் ஒரு பாத்திரக்கடைக்குப் போனோம். பளபளப்பான துருப்பிடிக்காத எஃகுக் கத்திகள், விலையும் மலிவு. ஒன்றை வாங்கி வந்து கோழித்தோலில் சோதித்தோம். இரண்டு கோழிக்குள் முனை மழுங்கிற்று. அடுத்து இணையத்தில் ‘வேட்டைக் கத்தி’ என்று தேடினோம். முதுகில் இரம்பப் பல், பிடிக்குள் திசைகாட்டி, உறையில் தீக்கல் என்று விதவிதமாக வந்தன. ஒன்றின் முதுகில் ஒரு கொக்கி இருந்தது. அதுமட்டும் வீண் அணி அன்று: கொக்கியின் உள்வளைவில்தான் கூர், தோலுக்கடியில் நுழைத்து இழுத்தால், கூர்முனை குடலைத் தொடாமல் வயிற்றுத்தோல் திறந்துகொள்ளும். மான் வேட்டையாடும் மேலைநாட்டார்க்கு அது பயன்படும். மற்றவை திரைப்பட வில்லனுக்கு.

கனடாவிலிருக்கும் அக்காள் மகனிடம் கேட்டோம். “மாமா, மோரா வாங்கியாரட்டா?” என்றான். மோரா என்பது சுவீடன் நாட்டு ஊர், கத்திக்குப் பேர்போனது. நான்கு அங்குல அலகும் பிளாஸ்டிக் பிடியும் உள்ள அவ்வூர்க் கத்திகள், குறைந்த விலையில் நல்ல வேலை செய்பவை என்று அங்கே பெயர் பெற்றவையாம். அவன் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததும் நெஞ்சு திக்கென்றது. அளவு, முனையின் வளைவு, அலகின் ஒல்லி எல்லாம் நாம் வண்டியில் போட்டதன் அச்சு. வேலை ஒன்றானால் கருவியும் எந்த நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும் போலும். ஆனால் அவன் வருவதற்குள் படையல் முடிந்துவிடும்.

கடைசியில் சிதம்பரம் செல்லும் சாலையோரம் ஒரு கொல்லுப்பட்டறையில் இறங்கினோம். துருத்தி இருந்த இடத்தில் இப்போது மின்விசிறி. எழுபது வயதிருக்கும் பெரியவர், நிமிர்ந்து பாராமலே கேட்டார்:

“அறுக்கறதுக்கா, உரிக்கறதுக்கா, கொத்தறதுக்கா?”

மூன்றுக்கும் என்றோம். அவர் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டார். “ஒரே செருப்ப ரெண்டு காலுக்கும் போடுவீங்களா வாத்தியாரே?” நாம் ஆசிரியர் என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்பது இன்றுவரை விளங்கவில்லை.

அந்த அரைமணி நேரத்தில் அவர் நடத்திய பாடத்தைச் சுருக்கித்தான் சொல்ல முடியும். எலும்பு கொத்தும் கத்திக்குக் கனம் வேண்டும், கூர் சற்றுத் தடித்திருக்க வேண்டும். அது கறிக்கடைக்காரரிடம் இரவல் கிடைக்கும், வாங்க வேண்டியதில்லை. உரிக்கும் கத்திக்கு அலகு நான்கு, மிஞ்சினால் ஐந்து அங்குலம். வயிறு உப்பிய வளைவு வேண்டும். தோலுக்கும் தசைக்கும் நடுவே இருக்கும் வெள்ளைச் சவ்வை அந்த வளைவுதான் வழித்துக்கொண்டு போகும். முனை ஊசியாக இருக்கக்கூடாது. ஊசிமுனை குடலைத் துளைக்கும், பித்தப்பையைக் கிழிக்கும். பித்தநீர் பட்டால் ஈரல் கசந்து வீணாகும். பிடி கையில் வழுக்கக்கூடாது, ஏனெனில் கை முழுக்கக் கொழுப்பாக இருக்கும்.

இரும்புக்கு லாரிப் பட்டை. நூற்றுக்கு அரைப்பங்கினும் சற்று மிகுதியாகக் கரி கலந்த எஃகு அது. கூர் நிற்கும், எளிதில் ஒடியாது. ஆனால் ஓடித் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும் என்பதால், அவர் துண்டைத் தட்டி ஓசை கேட்டுத் தேர்ந்தார். காய்ச்சி அடித்து வடிவாக்கி, மீண்டும் செக்கச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தார். துவைச்சல் என்கிறார் அதை. தோய்த்த மாத்திரத்தில் அலகு கண்ணாடி போல் நொறுங்கக்கூடியது. அதனால் தேய்த்துப் பளிச்சென்றாக்கி இளஞ்சூடு காட்டினார். அலகின்மேல் வைக்கோல் நிறம் ஓடி, அது பழுப்பாகத் திரும்பும் நொடியில் எடுத்துவிட்டார். ஒரு நொடி பிந்தினால் ஊதா ஏறும், கூர் நிற்காது. “பதம்” என்றார். அந்தச் சொல்லுக்கு இருபதாண்டுகளாக இலக்கணம் நடத்திவருகிறோம்.

கருவேலம்பிடி, பித்தளைப் பூண் உட்பட 450 ரூபாய். பேரம் பேசவில்லை. பேசுவதற்கு வாய் எழவில்லை என்பதே சரி.

“நனைஞ்சா ஒடனே தொடச்சி எண்ண போடுங்க. இது துருப்புடிக்கிற சாதி” என்றார்.

வரும் வழியில் ஒரு கவலை. பேருந்தில் கத்தியோடு போகலாமா? படைக்கல விதிகளைப் புரட்டினோம். வீட்டுக்கோ வேளாண்மைக்கோ தொழிலுக்கோ அல்லாத, 9 அங்குலத்துக்கு மேல் நீண்ட அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகன்ற கத்திகளைத்தாம் அவை படைக்கலமாகக் கொள்கின்றன. நம்முடையது அந்த அளவில் பாதிதான். ஆயினும் செய்தித்தாளில் சுற்றி, மேலே ‘கறிக்கத்தி’ என்று எழுதி, பெரியபுராண உரைக்கு அடியில் பையில் வைத்துக்கொண்டோம்.

படையலுக்கு முதல்நாள் இரவு சின்னம்மாவிடம் சொல்லிவிட்டோம். இரும்புக்காரர் வண்டி, களைக்கொத்து, எடை, காசு எல்லாம். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அந்தக் காச என்ன பண்ணேன்னு கூட நெனப்பில்ல தம்பி” என்றார். எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்து புதுக் கத்தியைக் கேட்டு வாங்கினார். கட்டைவிரல் நகத்தின்மேல் அலகைச் சாய்த்து வைத்து இழுத்துப் பார்த்தார், வழுக்காமல் பிடித்தது. நாற்பது ஆண்டுகளாக அதைத் தீட்டிக் கொடுத்தவர் அவர்தாம் என்பது அப்போதுதான் நமக்குத் தெரிய வந்தது.

கிடாவைத் தொங்கவிட்டு உரிக்கும் புளியமரம் 2011 டிசம்பரில் வீசிய தானே புயலில் விழுந்துவிட்டது. முந்திரிக்காட்டில் பாதியும் அன்று அதனோடு போயிற்று. இப்போது மூன்று கழிகளை முக்காலியாகக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். பின்னங்காலில் சிறிது கீறி வாயால் ஊதித் தோலை விடுவிப்பது எப்படி என்று தம்பி காட்டினான். முன்பகுதி எளிது. வயிற்றை எட்டியதும் கை நடுங்கிற்று. கூர் வெளிப்புறமாக, இரண்டு விரல்களுக்கு நடுவே அலகு. விரல்கள் உள்ளே குடலைத் தள்ளிப் பிடிக்க, அலகு தோலை மட்டும் பிளந்துகொண்டு இறங்க வேண்டும். சூடு விரல்களில் ஏறிற்று. அந்தச் சூட்டைப் பற்றி எந்த உரையாசிரியரும் எழுதியதாக நினைவில்லை.

அடுப்படியிலிருந்து சின்னம்மா குரல் கொடுத்தார்: “தம்பி, பித்து ஒடையலையே?”

“உடையவில்லை, சின்னம்மா.”

தோல் வாங்க வந்தவர் அதை வெயிலில் விரித்துப் பிடித்துப் பார்த்தார். மூன்று ஓட்டைகள், விலையில் பாதியைக் குறைத்துக்கொண்டார்.