கூழும் கந்தையும் ஆற்றங்கரையும்

ஆரணி என்றதும் எல்லோருக்கும் பட்டுப் புடவைதான் நினைவுக்கு வரும். அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. இது வேறு ஆரணி. சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தில், பெரியபாளையத்தை அடுத்து, ஆரணி ஆற்றையொட்டி இருக்கும் சின்ன பேரூராட்சி.

கொல்கத்தா நெடுஞ்சாலையில் போகும்போது புதுவாயலில் மேற்கே திரும்பினால் இந்த ஊர். திரும்பாமல் வடக்கே நேராகப் போனால் கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, சிப்காட் தொழிற்பேட்டை. எல்லையைத் தாண்டினால் ஆந்திராவின் ஸ்ரீசிட்டி. விடியும் முன்பே கம்பெனி பஸ்கள் ஊர் ஊராக நின்று ஆட்களை ஏற்றிக்கொள்ளும் பகுதி இது. ஒரே வீட்டில் ஒருவருக்குப் பகல் ஷிப்ட், இன்னொருவருக்கு நைட் ஷிப்ட். ஒருவர் சாப்பிட உட்காரும்போது இன்னொருவர் தூங்கிக்கொண்டிருப்பார். எல்லோரும் ஒன்றாகத் தட்டு வைப்பது ஞாயிற்றுக்கிழமைதான். ஓவர்டைம் வந்தால் அதுவும் போச்சு.

அப்படிக் கிடைக்கும் ஒரு ஞாயிறை என்ன செய்வது? சென்னைக்குப் போய் மால் சுற்றலாம், படம் பார்க்கலாம். நாலு பேர் போனால் பர்ஸ் காலி. ஆனால் செலவே இல்லாத ஒரு ஞாயிறை இந்த ஆற்றங்கரை பல தலைமுறையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஆடி ஞாயிறு

ஆரணிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது பெரியபாளையம் பவானி அம்மன் கோயில். கண்ணனுக்குப் பதிலாகக் கம்சன் கையில் சிக்கி, அவன் பிடியிலிருந்து வானில் பறந்த குழந்தையே இங்கு வந்து அமர்ந்த அம்மன் என்பது தல வரலாறு. ஆடி பிறந்ததும் இங்கே வாராவாரம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஆடி முடிந்த பிறகும் பல வாரங்களுக்கு அது தொடரும்.

சனிக்கிழமை சாயங்காலமே வண்டிகள் வர ஆரம்பித்துவிடும். ஒரு காலத்தில் மாட்டு வண்டி. இப்போது வேன், டிராக்டர், மினி லாரி. பாய், பாத்திரம், போர்வை, அரிசி மூட்டையோடு மூன்று தலைமுறையும் இறங்கும். இடம் பார்த்து நாலு கொம்பு நட்டு, பழைய சேலையை மேலே கட்டினால் வீடு தயார். இரவு அங்கேயே தங்கல். விடிந்ததும் வேப்பிலை ஆடை கட்டிக் கோயிலைச் சுற்றி வருவது, மொட்டை, பொங்கல், பிறகு கறிச் சோறு.

‘பிக்னிக்’ என்ற வார்த்தை இந்தப் பக்கம் வருவதற்கு முன்பே நம் ஜனங்கள் கண்டுபிடித்த பிக்னிக் இது. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் வேலை எப்படிப் பிரிகிறது என்பது. அடுப்புக்குக் கல் வைப்பதும் கறி வெட்டுவதும் ஆண்கள். தண்ணீர் தூக்குவது, சுள்ளி பொறுக்குவது பிள்ளைகள். வெங்காயம் உரிப்பது தாத்தா. வீட்டுச் சமையலறையில் ஒருத்தி மட்டும் நின்று செய்கிற வேலை, வெட்டவெளிக்கு வந்ததும் எல்லோருடைய வேலையாகிவிடுகிறது.

முதல் நாளே முடிந்த சமையல்

‘கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்பது நம் வீடுகளில் கேட்டுப் பழகிய பழமொழி. இந்த ஆற்றங்கரை ஞாயிறுக்குத் தேவையான இரண்டு பொருளும் அதிலேயே இருக்கின்றன.

முதலில் கூழ். ஆடி மாதத்தில் வட தமிழ்நாட்டு அம்மன் கோயில் ஒவ்வொன்றிலும் ஊற்றுவது கேழ்வரகுக் கூழ்தான். கேழ்வரகு மாவைத் தண்ணீர் விட்டுக் கரைத்து ஒரு ராத்திரி புளிக்க வைக்க வேண்டும். நொய்யரிசியைக் குழைய வேகவிட்டு, புளித்த மாவை ஊற்றி, அடி பிடிக்காமல் துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கையை நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். ஆறியதும் மூடி வைத்துவிடலாம். மறுநாள் உப்பும் மோரும் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டால் முடிந்தது. தொட்டுக்கொள்ள முருங்கைக் கீரைப் பொரியல், மோர் மிளகாய், மாங்காய். அசைவக்காரர்களுக்குக் கருவாட்டுக் குழம்பு.

கூழின் பெரிய குணமே, சாப்பிடும் நாளன்று அடுப்பு பற்ற வைக்க வேண்டாம் என்பதுதான். கட்டுச்சோறும் அந்த ரகம். புளியோதரையில் இருக்கும் புளியும் நல்லெண்ணெயும் சோற்றைக் கெடாமல் வைத்திருக்கும். புளிக்காய்ச்சலைச் சனிக்கிழமை இரவே செய்து வைத்தால், காலையில் சோறு வடித்துக் கிளறினால் போதும். சோறு நன்றாக ஆறிய பிறகே கட்ட வேண்டும். சூட்டோடு மூடினால் வியர்த்து நீர் கோத்துக்கொள்ளும்.

தயிர் சாதத்துக்கு ஒரு சூட்சுமம் உண்டு. தயிரை நிறைய ஊற்றினால் மதியத்துக்குள் புளித்துவிடும். குழைந்த சோற்றில் காய்ச்சி ஆறிய பாலை ஊற்றிப் பிசைந்து, ஒரே ஒரு கரண்டி தயிர் விட்டால், ஆற்றங்கரை சேரும்போது சரியாக உறைந்திருக்கும். உப்பைச் சாப்பிடும் நேரத்தில் போட்டுக்கொள்ளலாம்.

கந்தை என்றால் கேவலமா?

அடுத்தது கந்தை. விரித்து உட்கார, பிள்ளை தூங்கினால் போர்த்த, மழை தூறினால் தலைக்கு மேல் பிடிக்க ஒரு துணி வேண்டும். அதைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. பழைய நூல் சேலைகளை அடுக்கிக் கையால் தைத்த போர்வை முன்பெல்லாம் வீட்டுக்கு வீடு இருந்தது. ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர் என்பதால் தெலுங்கு பேசும் குடும்பங்களும் இங்கே உண்டு. தெலுங்கில் இதற்குப் ‘பொந்த’ என்று பெயர். பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் கிடத்தாமல் இதில் கிடத்துவார்கள். நூறு முறை துவைத்த நூல் சேலையின் மென்மை எந்தப் புதுத்துணிக்கும் வராது.

தைக்கும் முறை எளிது. கிழிந்த பகுதிகளை நீக்கி, நான்கைந்து நூல் சேலைகளைத் துவைத்து, கஞ்சி போடாமல் காய வைக்க வேண்டும். நைலக்ஸ், சின்தடிக் வேண்டாம். வழுக்கும், வியர்வையையும் உறிஞ்சாது. தரையில் சுருக்கமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, அடுக்குகள் நகராமல் இருக்க அங்கங்கே நீளத் தையல் போட வேண்டும். மேலே பழைய லுங்கி, பாவாடை, சட்டைத் துண்டுகளை விருப்பம்போல் ஒட்டுப்போடலாம். பிறகு கெட்டி நூலால், விரல் அகல இடைவெளியில், வரிவரியாக ஊசியை மேலும் கீழும் ஓட்டிக்கொண்டே போவதுதான். ஒருவர் தைத்தால் மாதக்கணக்கில் ஆகும். நாலு பக்கமும் நாலு பேர் உட்கார்ந்தால் சில ஞாயிறு மதியங்களில் முடிந்துவிடும்.

நம் ஊரில் கந்தை என்றால் கிழிசல், ஏழ்மை. வங்காளத்தில் அதே வேரிலிருந்து வந்த ‘காந்தா’ என்ற சொல்லுக்கு உலகமெங்கும் மதிப்பு. அங்கேயும் பாட்டிகள் பழைய சேலையைத்தான் தைத்தார்கள். பூவும் மீனும் யானையும் சேர்த்துத் தைத்ததால் அது அருங்காட்சியகம் வரை போனது. கர்நாடகத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்கள் ‘கவந்தி’ என்ற போர்வையை ஓரத்தில் ஆரம்பித்து நடுவை நோக்கித் தைக்கிறார்கள். கடைசியில் நாலு மூலையிலும் துணியை மடித்து ‘பூ’ வைப்பார்கள். பூ இல்லாத போர்வையை முழுமையானதாக அவர்கள் கருதுவதில்லை.

நம் பாட்டிகளின் போர்வையில் பூ இல்லை. ஆனால் இது யார் கல்யாணச் சேலை, இது யார் பள்ளிச் சீருடை, இது தாத்தா கடைசியாகக் கட்டிய லுங்கி என்று விரல் வைத்துச் சொல்ல முடியும்.

ஊர்ப்பெயர் கொண்ட துணி

ஒட்டுப்போடும் அந்தக் கட்டம் போட்ட லுங்கிக்கு இந்த ஆற்றோடு உறவு உண்டு. ஆரணி ஆறு கடைசியில் கலப்பது பழவேற்காடு ஏரியில். 1613-இல் டச்சுக்காரர்கள் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் நெய்த பருத்தித் துணியைக் கப்பலேற்றி, இந்தோனேசியத் தீவுகளில் கொடுத்து, கிராம்பும் ஜாதிக்காயும் வாங்குவது அவர்கள் வியாபாரம். இன்றைக்கும் மலேசியாவில் ஆண்கள் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு ‘காயின் பெலிக்காட்’ என்று பெயர். இலங்கையில் ‘பளேகாட் சாரம்’. இரண்டும் பழவேற்காட்டின் பெயர்தான்.

அமெரிக்காவிலோ ‘மெட்ராஸ்’ என்றாலே கட்டம் போட்ட பருத்தித் துணி. பல நிறக் கட்டத் துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டுப்போட்டுத் தைத்த சட்டையை அங்கே கோடைக்கால ஃபேஷனாகக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். நம் வீட்டு ஒட்டுப் போர்வையைப் பார்த்து இனி யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை!

ஆற்றோடு ஒரு நாள்

சோறும் போர்வையும் தயார் என்றால், ஆற்றை ஒட்டியே ஒரு நாளைக் கழிக்கலாம்.

மேற்கே போனால் ஊத்துக்கோட்டையைத் தாண்டியதும் ஆந்திர எல்லைக்குள் சுருட்டப்பள்ளி. சிவனை லிங்கமாகவே பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கே ஆச்சரியம் காத்திருக்கும். ஆலகால விஷம் உண்ட களைப்பில், பார்வதியின் மடியில் தலை வைத்துப் படுத்திருக்கும் பள்ளிகொண்டீஸ்வரர். காலையில் தரிசனம் முடித்துத் திரும்பும் வழியில் பெரியபாளையம்.

கிழக்கே போனால் பொன்னேரிக்கு அருகே லட்சுமிபுரம் அணைக்கட்டு. வருஷத்தில் பெரும்பாலான நாள் ஆறு மணலாகத்தான் கிடக்கும். வடகிழக்குப் பருவமழையில் பிச்சாட்டூர் ஏரி நிரம்பி அங்கிருந்து தண்ணீர் திறந்தால் ஒரே நாளில் முகம் மாறிவிடும். வெள்ள எச்சரிக்கை இருக்கும் நாட்களில் கரைப்பக்கமே போகக் கூடாது. தண்ணீர் வடிந்த தை, மாசியில், மர நிழலில் போர்வை விரிக்க இதைவிட நல்ல காலம் இல்லை.

இன்னும் கிழக்கே பழவேற்காடு. சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. குளிர்காலத்தில் தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடு போலத் தெரிவது பூநாரைக் கூட்டம். டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் எலும்புக்கூடு சிற்பங்கள் காவல் நிற்கின்றன. பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள். ஊரில் பெண்கள் பின்னும் பனை ஓலைக் கூடை ஒன்று வாங்கினால், அடுத்த ஞாயிறு சோறு கொண்டுவர ஆகும்.

படகுச் சவாரி மட்டும் வேண்டாம். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே உல்லாசப் பயணம் வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பிறகுதான் சுற்றுலாப் படகுகளுக்குத் தடை வந்தது. யார் கூப்பிட்டாலும் ஏற வேண்டாம். கரையிலிருந்து பார்த்தாலே ஏரி அழகுதான்.

அம்மாவுக்கும் ஞாயிறு

வீட்டுச் சாப்பாடு, கைத்தையல், வெளியூர்ப் பயணம் எல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஒரு நாளுக்காக வீட்டுப் பெண் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து அடுப்படியில் நின்றால், அது அவளுக்கு இன்னொரு ஷிப்ட். கம்பெனி ஷிப்ட் முடித்து வந்தவளாக இருந்தால் அது டபுள் ஷிப்ட்.

கூழும் கட்டுச்சோறும் இங்கேதான் கை கொடுக்கின்றன. சனிக்கிழமை இரவு ஒருவர் புளி கரைக்க, ஒருவர் வெங்காயம் உரிக்க, ஒருவர் கிண்ட, ஒருவர் டப்பாவில் அடைக்க, ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஞாயிறு காலையில் எல்லோரும் ஒன்றாக எழுந்து ஒன்றாகக் கிளம்பலாம். கரையில் போர்வையை விரிப்பது ஒருவர், பரிமாறுவது ஒருவர், சாப்பிட்டதும் பாத்திரம் கழுவுவது இன்னொருவர்.

கிளம்பும் முன்

* சென்னையிலிருந்து வருபவர்கள் செங்குன்றம், ஜனப்பன்சத்திரம் வழியாகப் பெரியபாளையம் வரலாம். பழவேற்காடு போக, கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரியில் இறங்கிப் பேருந்து பிடிக்கலாம்.
* ஆடி ஞாயிறுகளில் பெரியபாளையத்தில் நெரிசல் அதிகம். அமைதி வேண்டுமென்றால் தை, மாசியில் வாருங்கள்.
* எவர்சில்வர் தட்டு, டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தட்டும் பாலிதீன் பையும் முதல் மழையில் ஆற்றோடு போய் ஏரியில்தான் சேரும். மீனும் பறவையும் அங்கேதான் இருக்கின்றன.
* பிள்ளைகளைத் தண்ணீரில் தனியாக இறக்க வேண்டாம். மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே தெரியாது.
* ஊசி, நூல், நாலு துணித் துண்டு கையில் இருக்கட்டும். சாப்பாட்டுக்குப் பிறகு நிழலில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இரண்டு வரி தைக்கலாம்.

சாயங்காலம் வீடு திரும்பியதும் போர்வையை உதறி, கசக்கிக் காயப் போடுங்கள். அடுத்த முறை எல்லோருக்கும் ஒரே நாளில் லீவு கிடைக்கும்போது அது தயாராக இருக்கும்.