டிக்கெட் கிழிச்சாச்சு, ஆளை எண்ணியாச்சா?

சங்கரன்கோவிலில் ஆடித்தபசு அன்று தெற்கு ரத வீதியில் நின்று பார்த்தவர்களுக்குக் கூட்டம் என்றால் என்னவென்று தெரியும். கோமதி அம்மனுக்குச் சங்கரநாராயணர் காட்சி கொடுக்கிற அந்தச் சாயங்கால நேரத்தில், தூக்கிய கையை இறக்க இடம் இருக்காது. பருத்தியும் மிளகாய் வத்தலும் தலைக்கு மேலே பறக்கும். எத்தனை பேர் வந்தார்கள்? லட்சம் என்பார்கள், பல லட்சம் என்பார்கள். யார் எண்ணினார்கள்? திருவிழாவுக்கு ஏது டிக்கெட்! 2025 செப்டம்பர் 27-ல் கரூரில் 41 உயிர்கள் போன அரசியல் கூட்டத்துக்கும் டிக்கெட் கிடையாது.

காசு வாங்கி நடத்துகிற கச்சேரி அப்படி இல்லை. எத்தனை பேர் வருவார்கள் என்று நடத்துகிறவருக்கு முதல் நாளே தெரியும். விற்ற டிக்கெட்டை எண்ணினால் போதுமே! அதனால்தான் கச்சேரியில் நெரிசல் என்று கேட்டால் கோபம் கொஞ்சம் கூடுதலாக வருகிறது.

2023 செப்டம்பர் 10. சென்னை பனையூரில் ஏ.ஆர்.ரகுமானின் 'மறக்குமா நெஞ்சம்'. ஆகஸ்டில் மழையால் தள்ளிப்போன நிகழ்ச்சி. டிக்கெட் வாங்கியவர்கள் பலர் வாசலோடு திரும்பினார்கள். உள்ளே போன பெண்களும் குழந்தைகளும் நெரிசலில் மாட்டி அழுதார்கள். உள்ளே வர முடியாதவர்கள் டிக்கெட் நகலை அனுப்புங்கள் என்று ரகுமானே எழுத வேண்டி வந்தது. உயிர் போகாதது அதிர்ஷ்டம், ஏற்பாடு அல்ல. குடோனில் இருக்கிற சரக்கைவிட அதிகமாக பில் போட்டால், பி.காம் முதல் வருஷப் பையன்கூடத் தப்பு என்று சொல்லிவிடுவான்.

அதே வருஷம் நவம்பர் 25-ல் கொச்சியில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் நடத்திய விழா, நிகிதா காந்தியின் கச்சேரி. பாட்டு ஆரம்பிக்கவே இல்லை. மழை வந்தது, வெளியே நின்ற கூட்டம் ஒரே வாசலில் பாய்ந்தது. வாசலைத் தாண்டியதும் கீழே இறங்குகிற படிகள். முன்னால் போனவர் விழ, அவர் மேல் அடுத்தவர்... நான்கு பேர் இறந்தார்கள். அதில் மூன்று பேர் அங்கே படித்தவர்கள். இதைப் படிக்கிற பலருடைய வயசுதான்.

மிதிபட்டுச் சாவு என்று பேப்பரில் போடுவார்கள். பல நேரம் யாரும் யாரையும் மிதிப்பதே இல்லை. ஒரு சதுர மீட்டரில் ஐந்தாறு பேருக்கு மேல் போனால் கூட்டம் தண்ணீர் மாதிரி அலையடிக்கும். நெஞ்சு விரிய இடம் இல்லாமல் நின்றபடியே மூச்சு நின்றுவிடும். 2021 நவம்பரில் ஹூஸ்டனில் டிராவிஸ் ஸ்காட் கச்சேரியில் 10 பேர் இறந்தது இப்படித்தான்.

அதெல்லாம் பெரிய ஊர் என்கிறீர்களா? இந்தப் பக்கம் கோவில் கொடைக்கு நடக்கிற பாட்டுக் கச்சேரியையே எடுத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் இல்லாவிட்டால் என்ன, இடத்தை அளக்கலாமே. 100 அடிக்கு 100 அடி மைதானம் என்றால் சுமார் 930 சதுர மீட்டர். மீட்டருக்கு 4 பேர் என்றால் 3,700. மேடை, ஸ்பீக்கர், நடக்க வழி எல்லாம் கழித்தால் 3,000-ஐத் தாண்டாது. சரி, இவர்கள் வெளியேற எவ்வளவு நேரம்? சமதளத்தில் ஒரு மீட்டர் அகல வழியில் நிமிஷத்துக்கு 82 பேர் என்பது பிரிட்டனில் ஸ்டேடியங்களுக்கு வைத்திருக்கிற கணக்கு. மூன்று மீட்டர் கேட் ஒன்றே ஒன்று என்றால் 12 நிமிஷம்! ஷாமியானாவில் தீப்பிடித்தால் 12 நிமிஷம் யார் காத்திருப்பார்கள்? இரண்டாவது கேட்டைத் திறக்கப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஓசியில் ஆள் வந்துவிடும் என்று அதைப் பூட்டிச் சாவியை யாரோ ஒரு அண்ணாச்சி இடுப்பில் சொருகிக்கொண்டு டீ குடிக்கப் போயிருப்பார் :)

இன்னொன்று, பாட்டை நிறுத்துகிற அதிகாரம் யாருக்கு? கொடையில் அது சுலபம். நல்ல பாட்டு நடுவிலேயே மைக்கைப் பிடுங்கி "வெள்ளை மாருதிக்காரர் வண்டியை எடுக்கவும்" என்று சொல்ல விழாக் கமிட்டியில் ஒருத்தர் எப்போதும் உண்டு. அவரிடமே "பாட்டு நிக்குது, பின்னாடி இருக்கவங்க முதல்ல நகருங்க" என்று சொல்லவும் பேசி வைத்துவிடலாம்.