சனிக்கிழமை எண்ணெய்

ஐரோப்பாவில் எஸ்டோனியா என்றொரு சின்ன நாடு. அங்கே தார்த்து நகரத்து மாணவர்கள் 1870-ல் ஒரு சங்கம் கண்டார்கள். தங்கள் சங்கத்துக்கென்று 1884-ல் நீலம், கறுப்பு, வெள்ளையில் ஒரு கொடி செய்தார்கள். பிற்பாடு அதுவே தேசக்கொடி ஆயிற்று. பிள்ளைகள் கூடினால் என்னவெல்லாம் நடக்கிறது, பாருங்கள்!

நம் பக்கத்துப் பிள்ளைகள் எப்படிக் கூடி வாழ்ந்தார்கள் என்று அறிய ஆசை. ராஜகுளத்துக்குப் போயிருந்தவன், அப்படியே திருமுக்கூடலுக்கும் போனேன். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம். பெருமாள் கோயில் சுவரில், வேதமும் இலக்கணமும் பயின்ற மாணாக்கரின் விடுதியைப் பற்றி வீரராஜேந்திர சோழனின் 11-ஆம் நூற்றாண்டுச் சாசனம் இருக்கிறது. நோய் கண்டால் 15 படுக்கை கொண்ட ஆதுலசாலை. வைத்தியர், மூலிகை கொண்டு வருவோர், மருந்து காய்ச்சும் பெண்கள், நாவிதர் எல்லாருக்கும் நெல் அளந்திருக்கிறார்கள்.

என் மனசைத் தொட்டது வேறு. படுக்கப் பாய், இரவு விளக்குக்கு எண்ணெய், சனிக்கிழமைதோறும் தலை முழுக எண்ணெய்! வீட்டைப் பிரிந்த பிள்ளைக்குத் தாயின் நினைவு எந்தக் கிழமையில் வரும் என்று அறிந்த எவரோ எழுதிய கணக்கு அது. நான் தங்கிய விடுதியின் வார்டனுக்கு இது எட்டவே இல்லை.

ஆனால் அந்தப் பாய் யாருக்கு? வேதம் ஓதும் குலத்துப் பிள்ளைக்கு. நெல்லை விளைவித்தவன் மகனுக்கு அங்கே இடமில்லை.

அவன் வழி வந்த பிள்ளைகள் இன்று அரசு விடுதிகளில் தங்கிப் படிக்கிறார்கள். 2025-ல் அவற்றுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் வைத்தார்கள். அங்கே சனிக்கிழமை எண்ணெய் உண்டா என்று ஒரு பையனைக் கேட்க வேண்டும்.