ஒன்பதே கால் ட்ரிப்

பி.காம். முடித்த கையோடு, கண்ணில் பட்டதற்கெல்லாம் லாப நஷ்டக் கணக்குப் போடுகிற வியாதி வரும். எனக்கு 1999-ல் வந்தது. முதலில் மாட்டியவர் என் மாமா.

டெல்டா பக்கம் ஓர் அரசு பஸ் டெப்போவில் அவர் கிளை மேலாளர். நான் வேலை தேடிக்கொண்டிருந்த நாட்கள். அவர் ரூமில் போய் உட்கார்ந்தால் காபி வரும். ஒருநாள் மேஜை மேலிருந்த கலெக்‌ஷன் தாள்களைப் புரட்டினேன். ராத்திரி ஒன்பதே காலுக்குக் கிளம்பி, கடைசி கிராமத்தில் போய்த் தங்குகிற டவுன் பஸ். வசூல், டீசலுக்குப் பாதிகூட வரவில்லை.

"இந்த ட்ரிப்பை ஏன் மாமா கட் பண்ணலை?"

"இன்னிக்கு அதுல போயிட்டு, காலைல வா மாப்ளே!"

போனேன். மொத்தம் ஏழு பேர். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள், காலிக் கூடையோடு ஒரு பூக்காரம்மா, ஆஸ்பத்திரியில் யாருக்கோ சோறு கொடுத்துவிட்டுத் திரும்பும் தாத்தா... டிரைவர், கண்டக்டரோடு நானும் பஸ்ஸிலேயே படுத்தேன். தூங்கினேன் என்று சொன்னால் கொசு கோபித்துக்கொள்ளும். காலை ஐந்தரைக்கு அதே பஸ் கிளம்பியது. கீரைக்கட்டு, சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள், பாலிடெக்னிக் பையன்கள் என்று டவுனுக்குள் நுழையும்போது படியில் தொங்கினார்கள்.

ராத்திரி பஸ் போகாவிட்டால் காலையில் அங்கே பஸ் ஏது? இரண்டும் ஒரே கணக்கு. ஆனாலும் நான் விடவில்லை. இரண்டையும் கூட்டிப் பார்த்தேன். அப்போதும் நஷ்டம்தான். சொன்னேன். "தெரியும்" என்றார்.

என்னோடு படித்தவன் ஒருவன், அப்பா விட்டுப்போன இரண்டு பஸ்களை ஓட்டிக்கொண்டிருந்தான். கூட்டம் இல்லையென்றால் சாயங்காலத்தோடு வண்டியை ஷெட்டில் விட்டுவிடுவான். பர்மிட்படி அவனும் ஓட்டியாக வேண்டும்தான். அதற்காக மனு எழுதிக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு யார் அலைவது? பாட்டரி போனால் வழியில் உள்ள கடையில் வாங்கி மாட்டுவான். மாமா ஸ்டோர்ஸுக்கு எழுத வேண்டும். அவசரமென்று வெளியே வாங்கினால் ஆடிட்டில் கேள்வி வரும். ட்ரிப்பை நிறுத்தினாலோ மறுநாளே எம்.எல்.ஏ. போன், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு.

வேடிக்கை என்னவென்றால், காகிதத்தில் மாமாவுடையதும் கம்பெனிதான். 1972-ல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று தொடங்கியபோதே கம்பெனிச் சட்டப்படிதான் பதிவு செய்தார்கள். போர்டு உண்டு, பாலன்ஸ் ஷீட் உண்டு. விற்கிற பொருளுக்கு விலை வைக்கிற அதிகாரம் மட்டும் கிடையாது. பஸ் கட்டணம் 2011 நவம்பரில் ஏறியது. அடுத்து ஏறியது 2018 ஜனவரியில். நடுவில், 2014-ல் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். 2017 ஜூனிலிருந்து அது தினமும் மாறியது. கட்டணம் விஷயத்தில் என் நண்பனுக்கும் அதே கதிதான். ஆனால், தாங்கவில்லையென்றால் பஸ்ஸை விற்றுவிட்டு வேறு தொழில் பார்க்கலாம். மாமா எதை விற்பார்?

இதை இத்தோடு முடித்திருந்தால் மாமா ஜெயித்தார் என்று நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். அவர் 2014-ல் ரிட்டயர் ஆனார். பணிக்கொடைப் பணம் கைக்கு வர மூன்று வருஷத்துக்கு மேல் ஆனது. நிர்வாகத்தில் பணம் இல்லை என்றார்கள். சின்னப் பெண்ணின் கல்யாணத்தை வட்டிக்கு வாங்கித்தான் நடத்தினார். வட்டி கட்டுகிற நாளில் அத்தை பேசமாட்டார். ஒருநாள் எனக்கே பொறுக்காமல், "அந்த மாதிரி ட்ரிப்பையெல்லாம் அப்பவே கட் பண்ணியிருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அத்தைதான், "காபி ஆறுது" என்றார்.

போன மாதம் அந்தப் பக்கம் போனவன், பஸ் ஸ்டாண்டில் விசாரித்துவிட்டு மாமாவுக்குப் போன் போட்டேன். ஒன்பதே கால் ட்ரிப் ஓடுகிறது. 2021 மே 8-லிருந்து சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை அல்லவா, இதிலும் அப்படித்தான். அந்தப் பணத்தை அரசாங்கம் கொடுக்கிறது என்றேன்.

மாமாவுக்குக் காது மந்தம். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"அப்போ வசூல் பத்தில என்னடா எழுதறாங்க?"

"எத்தனை பெண்கள் ஏறினாங்கன்னு எழுதறாங்க மாமா."

"நேத்து எத்தனை பேரு?" என்றார்.

அதை நான் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை.