கரிசலின் மேற்கெல்லை

மார்கழிக் கடைசியில் கரிசல் காட்டில் உளுந்தும் பாசியும் காய் முற்றி நிற்கும். மழை ஓய்ந்தபின் இறங்கும் பனிதான் மானாவாரி வெள்ளாமைக்குக் கடைசி ஈரம். சென்ற மார்கழியில் அந்தப் பனியை விட்டு மலைப்பனியைக் காண நாங்கள் நால்வர் கோவில்பட்டியிலிருந்து மூணாறுக்குப் புறப்பட்டோம். ஸ்ரீவில்லிபுத்தூர், உசிலம்பட்டி, தேனி கடந்து, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதே காது அடைத்துக்கொண்டது. பூப்பாறையில் ஏலத் தோட்டங்கள். தேவிகுளம் நெருங்க நெருங்க எங்கும் தேயிலை. விடியலில் புல்வெளிகள் உப்பளம்போல் வெளுத்துக் கிடந்தன. உறைபனி விழுந்த இடங்களில் கொழுந்து கருகியிருந்தது.

இது வெறும் சுற்றுலா வழியன்று. 1877இல் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ குத்தகைக்குப் பெற்ற கண்ணன் தேவன் மலைகளுக்கு, பின்னாளில் கங்காணிகள் ஆள் திரட்டியது நம் வறண்ட ஊர்களிலிருந்துதான். முன்பணம் வாங்கிக்கொண்டு மலையேறியவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற தலித் குடும்பத்தினர். 1956இல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளம் கேரளத்தில் அமைந்தது. லயங்களில் மட்டும் இன்றும் தமிழே ஒலிக்கிறது. 2015இல் 20 விழுக்காடு போனசுக்காகத் தொழிற்சங்கங்களையும் ஒதுக்கிவைத்துச் சாலையில் அமர்ந்த ‘பெம்பிளை ஒருமை’ பெண்கள் இந்த லயங்களிலிருந்து வந்தவர்களே.

அப்படியொரு லயத்தில் முதிய தொழிலாளி ஒருவரைச் சந்தித்தோம்.

"எந்தூருய்யா?"

"கோவில்பட்டிம்மா."

"அட, நம்ம ஊரு ஆளுக! எங்களுக்குக் கயத்தாறு பக்கம். உள்ள வாங்க, வெளிய குளுருது."

பிறந்தது முதல் மலையிலேயே வாழ்கிறார். பாட்டி காலத்தில் விட்டுவந்த ஊருக்குக் கோயில் கொடைக்கு மட்டுமே போய்வருவாராம். ஆனாலும் அவர் பேச்சில் கரிசல் மாறாமல் இருந்தது. நாங்கள் கொண்டுசென்ற கடலைமிட்டாயைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டுப் பேரப்பிள்ளைக்கென முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு கட்டஞ்சாயா வந்தது.

பேச்சு பெட்டிமுடிக்குத் திரும்பியது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலைக்கு அப்பாலுள்ள அந்தத் தோட்டத்தில் மலை சரிந்து நான்கு வரிசை லயங்களை மூடியது. மின்சாரமும் தொலைபேசியும் இல்லாததால் மறுநாள் காலையில்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. இறந்தோரும் கிடைக்காமலே போனோருமாக 70 பேர். அவர்களில் பலர் கயத்தாறு பகுதியைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். கிடைத்த உடல்களை ராஜமலையிலேயே அடக்கம் செய்தார்கள். "ஊருக்குக் கொண்டுபோகவும் வழியில்ல. அங்கேருந்து ஓடி வந்த சனம் இங்க நின்னுதான் அழுதுச்சு" என்றார். அவருடைய சித்தி மகளும் அங்கே கிடக்கிறார்.

மூன்று மாதத்தில் அவருக்கு 58 நிறைகிறது. ஓய்வு பெற்றால் லயத்து வீட்டை ஒப்படைத்துவிட வேண்டும். பிள்ளைகளில் யாரேனும் தோட்டத்தில் வேலை பார்த்தால் கூட இருக்கலாம். அவர் மகன் திருப்பூருக்குப் போய்விட்டான். ஊரில் இரண்டு சென்ட் இடம் இருக்கிறது.

"கரிசல்ல வீடு கட்டுறது லேசா? அடிமானம் ஆழமாப் போடலன்னா கோடையில செவுரு வாய் பிளந்துரும்னு கொத்தனார் சொல்றாரு. வர்ற பணம் அஸ்திவாரத்துக்கே சரியாப் போயிரும்."

கொத்தனார் சொல்வது உண்மை. மழையில் உப்பி, வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிப்பது கரிசலின் இயல்பு. நனைந்தால் சரியும் மண் ஒருபுறம், காய்ந்தால் பிளக்கும் மண் மறுபுறம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வாழ்நாள் உழைத்த பெண்ணுக்கு நிற்க இடமில்லை. கொழுந்துக் கறை ஏறிய அவர் விரல்கள் தம்ளரைச் சுற்றியிருந்தன.

கரிசல் இலக்கியத்தின் எல்லை சங்கரன்கோவிலோடும் ராஜபாளையத்தோடும் நின்றுவிடுவதில்லை. வானம் பொய்த்த ஆண்டுகளில் நம் ஊர்கள் இழந்த மனிதர்கள் போய்ச் சேர்ந்த இடமும் அதன் பகுதியே. அந்த மேற்கெல்லையில் இன்று 70 பேரின் பெயர்கள் இருக்கின்றன.

விடைபெற்றபோது சாலை வரை வந்தார். "பங்குனிக் கொடைக்கு வாங்கய்யா. நான் ஊருலதான் இருப்பேன். எந்த வீட்லன்னுதான் இன்னும் தெரியல."