கத்தக்குறிச்சி, கள்ளக்குறிச்சி

2006 டிசம்பர். நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். டீக்கடையில் பேப்பரை எட்டிப் பார்த்த நண்பன், "டேய், நம்ம ஊர்க்கார அக்கா ஆசிய விளையாட்டுல வெள்ளி வாங்கியிருக்காங்கடா!" என்று கத்தினான். அவன் படித்தது கள்ளக்குறிச்சி. அச்சாகியிருந்தது கத்தக்குறிச்சி, புதுக்கோட்டை மாவட்டம்.

தப்பு தெரிந்த பிறகும் சாந்தி சௌந்தரராஜனை விட்டுக்கொடுக்க எங்களுக்கு மனசில்லை. செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள், தோஹாவில் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி முடித்தவர். எந்தக் குறிச்சியாக இருந்தால் என்ன, நம்ம அக்காதானே.

அந்தப் பெருமை பத்து நாள் தாங்கியிருந்தால் அதிகம். பாலினச் சோதனையில் தேறவில்லை என்று டிவியில் ஓட ஆரம்பித்தது. வெள்ளி பறிபோனது. ஆண், பெண் என்ற இரண்டு கட்டத்துக்குள் சரியாக அடங்காத உடற்கூறோடு பிறக்கிறவர்களை இன்டர்செக்ஸ் என்பார்கள். அந்தச் சொல் எங்களுக்குத் தெரியாது. எங்களிடம் இருந்ததெல்லாம் கேலிச் சொற்கள்தான்.

எங்கள் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். கல்வராயன்மலையில் வெள்ளிமலைப் பக்கம் அவள் ஊர். ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். கட்டைக் குரல். வெறுங்காலோடு ஓடுவாள். 400 மீட்டரில் என்னை இரண்டு தடவை தோற்கடித்திருந்தாள். அந்த வாரம் அவளை "சாந்தி"ன்னு முதலில் கூப்பிட்டது நான்தான். அவளும் சிரித்தாள். மூன்றாம் நாள் வகுப்பே அப்படிக் கூப்பிட்டது. அவள் மைதானத்துக்கு வருவதை நிறுத்தினாள். முழுப் பரீட்சை எழுதினாள். அடுத்த வருடம் பள்ளிக்கு வரவில்லை.

மலையிலிருந்து வரும் பிள்ளைகள் படிப்பை நிறுத்த ஆயிரம் காரணம் உண்டு. அந்த ஆயிரத்துக்குள் ஒளிந்துகொள்வது இத்தனை வருடமும் எனக்கு வசதியாக இருந்தது.

தோஹாவிலிருந்து திரும்பிய சாந்திக்கு அன்றைய முதல்வர் கருணாநிதி 15 லட்சம் ரூபாய் கொடுத்தார். ஆனால் ஓடும் வாழ்க்கை முடிந்துவிட்டது. சில வருடங்களில் அவரே செங்கல் சூளையில் தினக்கூலிக்கு நின்றார். பின்னாளில் பயிற்சியாளர் வேலை பார்த்தார். 2009இல் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யாவைச் சோதித்தார்கள். அவருடைய நாடு பின்னால் நின்றது, தங்கம் அவரிடமே இருந்தது. 2014இல் ஒடிசாவின் டூட்டி சந்தை காமன்வெல்த் போட்டிக்கு அனுப்பாமல் நிறுத்தினார்கள். அவர் விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் நீதிமன்றத்துக்குப் போனார். 2015இல் அந்த விதியே நிறுத்திவைக்கப்பட்டது. 2019இல் தான் ஒரு பெண்ணை நேசிப்பதாக ஊரறியச் சொன்னார். அதே வருடம் நாபோலியில் உலகப் பல்கலைக்கழக விளையாட்டில் 100 மீட்டர் தங்கம் வாங்கினார்.

டூட்டி அந்தக் கோட்டைத் தொட்டபோது ஆபீஸில் லைவ் பார்த்துக் கைதட்டினேன். எல்லாருக்கும் இனிப்பு வாங்கினேன். டீமில் ஒருத்தன் ஏதோ கிண்டலடித்தபோது அவனோடு சண்டையும் போட்டேன். அன்று ராத்திரி என்னை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

சாந்தியின் வெள்ளி இன்னும் திரும்பி வரவில்லை. அது நியாயமில்லை என்று இப்போது யாரிடமும் ஒரு மணி நேரம் பேசுவேன். வழக்குகள், விதிகள், தேதிகள் எல்லாம் விரல் நுனியில் இருக்கின்றன. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது வெள்ளிமலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். யாரையாவது விசாரிக்கலாம் என்று நினைப்பு. கண்டக்டர் டிக்கெட் கேட்கும் முன்பே இறங்கிவிட்டேன்.

என்னவென்று விசாரிப்பது? அவளுடைய பெயர் எனக்கு ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தாலும் "சாந்தி" என்றுதான் வருகிறது.